அடி திறந்த வெள்ளிக் கூடுகள்

வெள்ளி வியாபாரிகளைக் கண்டால் எனக்கு ஆகாது. நானே ஒரு வெள்ளி வியாபாரி என்பதால் இதைத் தைரியமாகச் சொல்லலாம். பாலக்காட்டு எல்லையில் இருக்கிற வேலந்தாவளத்தில், மாட்டுச் சந்தைக்குப் போகிற வழியில், ஒரே ஒரு ஷட்டர் அகலத்துக்கு எனக்கு ஒரு கடை இருக்கிறது. ராசிக்கல் விற்கிறேன். கல் காங்கேயத்திலிருந்து வருகிறது. அதை உட்காரவைக்கிற வெள்ளிக் கூடு கோயமுத்தூரிலிருந்து வருகிறது. கூடு என்றால் கல் இல்லாத மோதிரம், வேறொன்றுமில்லை. மேலே நாலு கால் நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் கல்லை வைத்து, குறட்டால் நாலு காலையும் மடக்கினால் மோதிரம் தயார். வீட்டுக்காரர் போன பிறகு தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது, "பொம்பளைக்கு எதுக்குங்க கல்லு யாவாரம்?" என்று கேட்ட மகராசன்கள் எல்லோரும் இன்று என்னிடம்தான் கல் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் எந்தக் கல்லாலும் ஒரு நல்லதும் நடந்து நான் பார்த்ததில்லை. நான் விற்பேன், நம்பமாட்டேன்.

எங்கள் பக்கத்து ஆட்கள் மோதிரத்தைக் கையில் கொடுத்தால் கல்லைப் பார்க்கமாட்டார்கள். கவிழ்த்துப் பார்ப்பார்கள். கல் தோலில் படவேண்டும், அப்போதுதான் வேலை செய்யும் என்று ஜோசியர் சொல்லியனுப்பியிருப்பார். அதனால் கூட்டின் அடியில் ஓட்டை இருந்தே ஆகவேண்டும். ஓட்டை வழியாகச் சூரியனைப் பார்ப்பார்கள், மச்சினனிடம் கொடுத்து அவனையும் பார்க்கச் சொல்வார்கள். அடி மூடியிருந்தால், "ஏனுங்க, இதுல கல்லு எங்கீங்க தோல்ல படும்?" என்று கடைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கல் உண்மையா பொய்யா என்று கேட்டவர்கள் குறைவு. ஓட்டை இருந்தால் போதும்.

இந்த ஓட்டைக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோயமுத்தூரில் மொத்த வியாபாரிகள் இருக்கிற தெருவில் ஏறி இறங்காத படி இல்லை. வடக்கேயிருந்து மூட்டை மூட்டையாக வருகிற ரெடிமேட் கூடுகள் எல்லாம் அடி மூடியவை. எடைபோட்டு விற்கிறவர்கள் ஏன் ஓட்டை போடுவார்கள்? ஓட்டை எடை நிற்காதே. ஒவ்வொரு கடையிலும் ஒருவன் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தலையைத் தூக்கமாட்டான். "அடி ஓப்பன் இருக்குங்களா?" என்றால், "ஆர்டர் குடுத்தா பண்ணலாம் மேடம், அஞ்சு கிலோவுக்குக் குறையாம" என்று போனிடமே பதில் சொல்வான். எனக்கு வேண்டியது ஐம்பது கூடு. அஞ்சு கிலோ கூட்டுக்குக் கல் வைத்தால் பாலக்காடு ஜில்லாவில் ஒரு விரல் மிச்சமிருக்காது. பஸ் பிடித்து வேர்த்து விறுவிறுத்து வந்த பொம்பளைக்கு உட்கார ஒரு ஸ்டூலைக் காட்டத் தெரியாத ஜென்மங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் காலையில் எழுந்ததும் சாமி படமும் குட்மார்னிங்கும் தவறாமல் வரும்.

கடைசியில் ஒரு மாடிக்கடையில் கிடைத்தது. நாற்காலி போட்டான், டீ வரவழைத்தான், அக்கா அக்கா என்றான். அடி திறந்த கூடு, கண்ணாடி மாதிரி மினுமினுப்பு, உள்பக்கம் சுத்த வெள்ளிக்குப் போடுகிற 925 முத்திரை. விலை மற்றவர்கள் சொன்னதைவிடக் குறைவு. வெள்ளி விலை தினமும் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவன் குறைத்துச் சொன்னால் சந்தேகப்பட வேண்டும். சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்டுக்கொண்டே வாங்கினேன். அரத்தை எடுத்து ஒன்றை இழுத்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். டீ குடித்துவிட்டு எப்படி அரத்தை எடுப்பது என்று இருந்துவிட்டேன். ஒரு டீக்கு மயங்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் கூட்டில் நீலக்கல் வைத்து விற்ற முதல் மோதிரம் பத்து நாளில் திரும்பி வந்தது. வாங்கியவர் நடுவிரலை நீட்டினார். சுற்றிலும் கன்றிப்போய்க் கொப்புளம். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்:

"நீலம் நமக்கு ஆகலீங்."

இங்கே நீலக்கல்லுக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டு. வாங்கினவுடன் போட்டுக்கொள்ளக்கூடாது. மூன்று ராத்திரி தலையணைக்கடியில் வைத்துப் படுக்கவேண்டும். கெட்ட கனவு வந்தால், மாடு இளைத்தால், மோட்டார் கெட்டால், கல் ஆகவில்லை என்று அர்த்தம். கடைக்காரன் பேசாமல் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் நீலம் திரும்பி வந்தால் யாரும் கடையைக் குறை சொல்லமாட்டார்கள். பழியெல்லாம் சனீஸ்வரனுக்கு. எங்கள் தொழிலுக்கு இதைவிட வசதியான சாமி கிடையாது.

மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தவர் போன பிறகு அரத்தால் கூட்டின் உள்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தேன். வெள்ளைப் பூச்சுக்குக் கீழே மஞ்சளாகப் பல்லைக் காட்டியது. வெள்ளி பேருக்குக்கூட இல்லை. மாடிக்கடைக்குப் போன் போட்டேன். "அக்கா, சிலருக்கு வேர்வை ஒத்துக்காது, புது லாட் அனுப்பவா?" என்றான். வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டுப் போனை வைத்தேன். திட்டினேனே தவிர, மிச்சக் கூடுகளைத் தூக்கி எறியவில்லை. கல்லாவுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினேன்.

அந்த டப்பாவைத் திறக்கவைத்தது ஒரு பெண்மணி. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோப்பும் கிணறுமாக நல்ல வசதி. கழுத்தில் கிடக்கிறதை எடை போட என் தராசு போதாது. மகனுக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். பெண்ணுக்கு ஏழரைச் சனி, கல்யாணம் வரைக்கும் நடுவிரலில் வெள்ளியில் நீலம் போடவேண்டும், மாப்பிள்ளை வீட்டார்தான் போட்டுவிட வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். மறுநாள் நிச்சயம், தலையணைக்கடியில் வைக்கவெல்லாம் நேரமில்லை, இன்றைக்கே வேண்டும் என்று நின்றாள். தங்கத்தில் கேட்டிருந்தால் தலைமுறைக்கும் யோசித்திருப்பாள். வெள்ளி என்பதால் ஜோசியர் வாக்கு அவளுக்கு வேதவாக்கு.

கடையில் அடி மூடிய கூடுகள்தான் இருந்தன. கவிழ்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "கோயமுத்தூர்லயே வாங்கிக்கறனுங்" என்று பையைத் தூக்கினாள். நான் குனிந்து டப்பாவைத் திறந்தேன். இதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை. தெரிந்தேதான் கொடுத்தேன்.

பெண் யாரென்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பாலைச் சோதிக்கிறவள். நானும் அங்கேதான் பால் வாங்குகிறேன். வரிசையில் கேனோடு நிற்கிறவர்களில் பஞ்சாயத்து மெம்பர் இருப்பார், அவளுடைய சித்தப்பாவே இருப்பார். யாராக இருந்தாலும் மீட்டரைப் பாலில் விடுவாள், பார்ப்பாள். தண்ணீர் கலந்திருந்தால் கத்தமாட்டாள், காரணம் கேட்கமாட்டாள். "தள்ளி நில்லுங்க. அடுத்தவங்க வாங்க" என்பாள். அவ்வளவுதான். இந்த ஊரில் நான் மதித்த ஒரே ஆள் அவள்.

நிச்சயம் முடிந்து மூன்று வாரத்தில் அந்தப் பெண்மணி மறுபடி வந்தாள். மோதிரத்தைக் கண்ணாடி மேல் வைத்தாள்.

"அந்தப் புள்ள வெரலெல்லாம் கொப்பளிச்சுப்போச்சுங்க்கா. கல்லே அவள வேண்டாங்குது. நாங்க எப்படிங்க வேணுங்கறது?"

"அதுக்காகச் சம்மந்தத்தயே விடுவாங்களா?" என்றேன்.

"விடாம? ஆகாத புள்ளையக் கூட்டியாந்து ஊட்டுல வெச்சுக்கச் சொல்றீங்களா? வர்ற ஞாயித்துக்கெழம போய்ச் சொல்லிப்போட்டு வந்துருவமுங்."

போகும்போது ஒரு முத்து மோதிரத்தை வேறு விலை கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு பெண்ணை ஆகாதவள் என்று தள்ளிவிட்டு, அதே மூச்சில் முத்து விலை கேட்கிற வாய். ஆனால் அந்த வாய்க்கு அவலைப் போட்டது நான். வந்து நின்றபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் சந்தைக்கு வருகிறவன் ஒருவனும் என் கடைப் படியை மிதிக்கமாட்டான் என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அந்த மோதிரத்திலிருந்து கல்லைக் கழற்றி எடுத்தேன். வெறும் கூட்டை என் நடுவிரலில் மாட்டிக்கொண்டேன். கல்லைத்தானே மூன்று ராத்திரி சோதிப்பார்கள்? நான் கூட்டைச் சோதித்தேன். கல் இல்லாத மோதிரத்தோடு பாத்திரம் தேய்த்தேன், வியாபாரம் பார்த்தேன், தூங்கினேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகும், அதை நம்பித்தான் இறங்கினேன். மூன்றாம் நாள் காலையில் விரல் அரித்தபோது வந்த சந்தோஷம் எனக்குத் தீபாவளிக்குக்கூட வந்ததில்லை. நாலாம் நாள் கொப்புளம். அரத்தையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்குப் பஸ் ஏறினேன்.

அவர்கள் புறப்படத் தயாராக இருந்தார்கள். மாப்பிள்ளை உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. நான் விரலை நீட்டினேன். கூட்டைக் கழற்றி, அரத்தால் இழுத்து, மஞ்சளைக் காட்டினேன்.

"குத்தம் கல்லு மேல இல்லீங்க. புள்ள மேலயும் இல்ல. கூடு வெள்ளியே இல்லீங்க, நான் ஏமாந்து வாங்குனது. பாருங்க, கல்லே இல்லாம எனக்கும் அதே மாதிரி வந்திருக்குது."

அந்த அம்மாள் என் விரலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் உண்மையான இரக்கம் வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அடக் கடவுளே! வெறுங்கூடே உங்கள இந்தப் பாடு படுத்துதுன்னா, உங்களுக்கும் ஏழர பலமாத்தானுங்க புடிச்சிருக்குது. திருநள்ளாறு ஒருக்கா போய்ட்டு வந்துருங்க்கா."

கொப்புளத்தைக் காட்டினால் கோயிலுக்கு வழி சொல்கிறாள். இவர்களுக்கு ராசிக்கல் விற்றுத்தான் நான் ஷட்டருக்கு வாடகை கட்டினேன், யாரைத் திட்டுவது? உள்ளே அந்தப் பையன் எல்லாவற்றையும் கேட்டான். மூன்று வாரமாக அவளிடம் போனில் பேசியவன். ஒரு வார்த்தை பேசுவான் என்று பார்த்தேன். சட்னி கேட்டான்.

அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். கல்யாணம் நின்றுபோனது.

மறுநாள் காலையில் பால் வாங்குகிறவர்களோடு போகாமல், ஊற்றுகிறவர்கள் வரிசையில் நின்றேன். என்னிடம் கேன் இல்லை. முன்னால் ஏழெட்டுப் பேர். என் முறை வந்தது. அவள் நடுவிரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அழுத முகம் இல்லை, தூங்காத முகம்.

"என்னங்க்கா?" என்றாள்.

சொன்னேன். கூடு பித்தளை என்றேன், மேலே பூச்சு என்றேன், கொழிஞ்சாம்பாறைக்குப் போனதைச் சொன்னேன். என் விரலையும் காட்டினேன். "உனக்கு ஒண்ணும் ஆகாம இல்ல அம்மிணி. எல்லாம் அந்தக் கோயமுத்தூர்க்காரன் பண்ணுன திருட்டுத்தனம்" என்றேன்.

அவள் மீட்டரைத் தண்ணீரில் அலசிக்கொண்டே கேட்டாள். ஒரு கேள்வியும் கேட்காதவள், அன்றைக்குக் கேட்டாள்.

"அது வெள்ளியில்லைன்னு உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க்கா? எனக்குக் குடுக்கறதுக்கு முந்தியா, பிந்தியா?"

பின்னால் கேன்கள் இடிபட்டன. பிந்தி என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"முந்தி" என்றேன்.

மீட்டரைத் துடைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"தள்ளி நில்லுங்க்கா. அடுத்தவங்க வாங்க."

தள்ளி நின்றேன்.