அம்புக்குறி ஒட்டிய டிரம்பெட்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்றால், நாள் முழுக்க நல்லதை விட்டுவிட்டுக் குறையை மட்டும் தேடுவது. குறை தெரிந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த பீஸை எடுக்கவேண்டும். உங்களில் யாராவது இந்த வேலையில் இருந்தால், வீட்டுக்குப் போயும் சாம்பாரிலும் சொந்தக்காரர்களிடமும் குறை தேடிக்கொண்டிருப்பீர்கள்; என் பாடு உங்களுக்குப் புரியும். நான் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு பாட்டுக் குழு நடத்தினேன். பதினொரு மாதம் தாங்கியது.

பிரிண்டில் வந்த வினை

வெளிநாட்டு பேண்ட் ஒன்றின் டி-சர்ட் ஆர்டர் எங்கள் கம்பெனிக்கு வந்தது. நெஞ்சில் கறுப்பு வெள்ளைக் கட்டம், நடுவில் டிரம்பெட்டோடு எகிறிக் குதிக்கும் ஐந்து பேர். மூன்று நாள் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், அப்படி என்னதான் பாடுகிறார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினேன். ஸ்கா பங்க் என்று பேர். கிடார் தாளத்தின் மேல் விழாது, இரண்டு தாளத்துக்கு நடுவில் வந்து 'சக், சக்' என்று வெட்டும். மேலே டிரம்பெட் கத்தும். எல்லாமே தலைதெறிக்கும் வேகம்.

எனக்குக் கிடார் கொஞ்சம் வரும். பக்கத்து லைனில் ஓவர்லாக் தைக்கும் ஜெபராஜ், தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், ஊர் சர்ச்சில் டிரம்பெட் ஊதியவன். அவன் காதில் இயர்போனைச் செருகினேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"எங்க சர்ச் அசன விருந்துக்கு நாங்க ஊதுதது இதாம்ணே. என்ன, இவனுவ பஸ்ஸப் புடிக்கப் போற மாதிரி ஓடுதானுவ."

கிடார் தம்பிக்கு உடம்புக்கு என்ன?

அயர்னிங்கில் இருந்த பீகார்க்காரன் பிகாஷ் டிரம்ஸுக்கு வந்தான். ஆபீஸில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்த வெள்ளகோவில் சரண்யா பாட வந்தாள். பாட்டு எழுதியதும் அவள்தான். சின்னக் குறை இருக்கிற சட்டைகளை இங்கே 'செகண்ட்ஸ்' என்று மலிவாக விற்பார்கள். அதையே குழுவுக்குப் பேராக வைத்தோம். பேர் வைத்ததோடு சரி, அதன் அர்த்தம் என் மண்டையில் ஏறவில்லை.

முதல் மேடை சேவூரில், கம்பெனி நண்பன் ஒருவனின் கல்யாண வரவேற்பு. பந்தியில் பாதிப் பேர் இலையை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். நாங்கள் பூரித்துப்போய் இறங்கியபோது, மாப்பிள்ளையின் பெரியம்மா என்னைக் காட்டி சரண்யாவிடம் கவலையோடு கேட்டார்:

"ஏனுங் கண்ணு, அந்தக் கிடார் தம்பி ஒவ்வொரு அடிக்கும் பின்னாலயே வருதே, ஒடம்புக்குச் செரியில்லீங்களா?"

ஆயுத பூஜை

மிஷின்களுக்குப் பொட்டு வைத்து, பொரி கொடுத்த கையோடு, கம்பெனி வாசலில் 'ஞாயிறு ஓவர்டைம்' பாடினோம். லீவு நாளில் வேலைக்கு வரச்சொல்லும் கொடுமையைப் பற்றிய பாட்டு. அதில் டிரம்பெட் ஒரே மெட்டை நாலு சுற்று ஊதவேண்டும். நாலாவது சுற்றில் ஜெபராஜுக்கு மூச்சு போதாது. பஞ்சுத் தூசியில் வருஷக்கணக்காக உட்கார்ந்து தைத்த நெஞ்சு அது. ஒரு மூச்சு இழுத்துவிட்டு, அரைத் தாளம் தாமதமாக வந்தான்.

அந்த அரைத் தாள அமைதியில் கூட்டம் முழுக்க அண்ணாந்து காத்திருந்தது. டிரம்பெட் வந்ததும் கட்டிங் மாஸ்டர் முதல் கேண்டீன் அக்கா வரை ஒன்றாகக் குதித்தார்கள். அவ்வளவு சந்தோஷத்தை அந்த வாசலில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் என் காதில் நின்றது தாமதம் மட்டும்தான். முதலாளி கைதட்டியபடியே மேடைக்கு வந்தார்.

"பாட்டு நல்லாருக்குதுங்க தம்பி. வர்ற ஞாயித்துக்கெழம ஷிப்மென்ட் இருக்குது, எல்லாரும் வந்துருங்க."

பத்தொன்பதாவது தடவை

பாட்டைப் பதிவுசெய்ய ஒரு சின்ன ஸ்டுடியோவைப் பிடித்தோம். ஞாயிறு ஞாயிறாகப் போனோம். நாலாவது சுற்றில் அதே தாமதம். "மறுபடி" என்றேன். மறுபடியும் தாமதம். மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு இரண்டாந்தரம் என்று பட்டதை எப்படி வெளியே விடுவது?

பத்தொன்பதாவது தடவையும் அப்படியே வந்தபோது, சட்டைப்பையில் கிடந்த அம்புக்குறி ஸ்டிக்கரை உரித்து அவன் டிரம்பெட்டின் வாயில் ஒட்டினேன். விளையாட்டாகத்தான் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளையாட்டில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நான்தான் சத்தமாகச் சிரித்தேன். ஜெபராஜ் டிரம்பெட்டைத் துண்டில் சுற்றினான். ஸ்டிக்கரை அவன் எடுக்கக்கூட இல்லை.

"அண்ணே, தையல்ல தப்புன்னா பிரிச்சுத் தச்சிரலாம். மூச்ச எப்படிண்ணே பிரிக்கது?"

கத்தரித்துப் போட்டது

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. கம்பெனிக்கும் வரவில்லை. கோபம் அவன்மேல் போகாமல் பதிவின்மேல் போனது. எங்கள் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பீஸ் நல்ல பீஸோடு கலந்துவிடக்கூடாது என்று கத்தரியால் வெட்டிப்போடுவோம். அதே பழக்கத்தில், இருந்த எல்லாப் பதிவையும் அழிக்கச் சொன்னேன். ஸ்டுடியோக்காரர் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் அழித்தார். செகண்ட்ஸ் அன்றைக்கு முடிந்தது. பிகாஷ் டிரம்ஸ் குச்சியைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டான்:

"சப் டிலீட்டா, பையா? ஒண்ணுகூட இல்லே?"

இரண்டு தெரு

ஜெபராஜ் ஊருக்குப் போய்விட்டான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போனவனிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்கும் அது வசதியாக இருந்தது. ஒரு வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்த சரண்யா அந்த வசதியைக் கெடுத்தாள். கெடுத்தும் நான் போகவில்லை, அது வேறு.

"அவரு எங்கயும் போகலீங்கண்ணா. ரெண்டு தெரு தள்ளித்தான் தைக்கறாருங்க. நடந்தே போயிரலாமுங்க."

லேட் இல்லீங்க

போன மாதம் அக்கா மகளோடு உடுமலைப் பக்கம் ஒரு காலேஜ் விழாவுக்குப் போனேன். ஒரு குழு மேடையேறி, "அடுத்தது செகண்ட்ஸ் பாட்டு" என்றது. பக்கத்தில் இருந்த பையனிடம் விசாரித்தேன். ஆயுத பூஜையன்று யாரோ போனில் எடுத்த வீடியோ கைமாறிக் கைமாறிச் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். அதைப் பார்த்து ஈரோட்டிலும் கோயம்புத்தூரிலும் டிரம்பெட் வைத்த குழுக்கள் கிளம்பியிருக்கின்றனவாம். பதினொரு மாதக் குழுவுக்கு இப்படியொரு வாழ்வு.

நாலாவது சுற்றில் டிரம்பெட் ஊதிய பெண் அரைத் தாளம் நிறுத்தி, பிறகு வந்தாள். அரங்கமே குதித்தது. அவள் மேடையைவிட்டு இறங்கியதும், நான் யாரென்று சொல்லாமல், பழக்கதோஷத்தில், "அந்த இடத்தில் லேட்டாகுது கண்ணு" என்றேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"லேட் இல்லீங்கண்ணா. அந்த மூச்சு இல்லைன்னா அது இந்தப் பாட்டே இல்லீங்க."

டீக்கடை

மறுநாளே இரண்டு தெரு நடந்தேன். டீ நேரத்தில் ஜெபராஜ் வெளியே வந்தான். தலையில் பஞ்சு, முகத்தில் அதே சிரிப்பு. டிரம்பெட்டை ஊர் சர்ச்சுக்கே கொடுத்துவிட்டானாம். காலேஜ் விழாவில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தான். "அன்னைக்கு நான் செய்தது பெரிய தப்பு ஜெபராஜ். உன் மூச்சுதான் அந்தப் பாட்டு" என்றேன். இத்தனை வருஷம் வாயில் வைத்திருந்தது ஒருவழியாக வெளியே வந்தது. அவன் எனக்காகத் தலையாட்டிவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"புள்ள நல்லா ஊதுதுண்ணே. நாலாவது சுத்துல எங்கிட்ட இருந்த அதே தப்பு இருக்கு, அத மட்டும் சரி பண்ணச் சொல்லுங்க."

என் கையிலிருந்து ஒரு குறைகூடத் தப்பிப் போனதில்லை என்று கம்பெனியில் இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறார்கள்.