பாதி பச்சை இருக்கும்போது

எங்கள் அக்கா பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அம்மா போன பிறகு தங்கையான என்னை வளர்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தார். கல்யாணம் வேண்டாமென்றுவிட்டார். கடைசிக் காலத்தில் பதுளையில் என்னோடு இருந்தார். இந்த ஓராண்டு நினைவு மலரில் அவரது பொறுமையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

முன்னறை ஜன்னலில் அக்கா போத்தல் தண்ணீரில் மணி பிளான்ட் வளர்த்தார். எனக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும். இலை லேசாக மஞ்சளானாலே பிய்த்துவிடுவேன். அதற்கு மட்டும் அக்காவுக்குக் கோபம் வரும்.

"ஏன்டி பறக்குற? பாதி பச்சை இருக்கு பாரு. செடி இன்னும் அதுல இருந்து சத்து எடுத்துக்கிட்டு இருக்கு. முழுசா மஞ்சளாகட்டும், தொட்டாலே வந்துரும்."

"பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

"நினைச்சிட்டுப் போறாங்க, விடு."

போன வருஷம் நோயில் விழுந்து, ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிய பிறகு அக்காவின் விரல்கள் போர்வையைக் கிள்ளின. கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டன. அங்கே கூடை இல்லை. "கொழுந்து எடுக்குறாங்க," என்றார் பக்கத்துக் கட்டில் அம்மா.

"சில நாளாகவும் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். வீட்டுக்குக் கொண்டு போறது உங்க விருப்பம்," என்றார் டொக்டர். ஆஸ்பத்திரியில் உயிர் போகக் கூடாதென்று நான் கையெழுத்துப் போட்டேன். புறப்படும்போது அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதுவும் கொழுந்து பறித்த பழக்கம்தான் என்று நினைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். மறுநாளே போய்விட்டார். வீட்டில் உயிர் பிரிந்ததே புண்ணியம் என்று எல்லாரும் என்னைப் பாராட்டினீர்கள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து தனியாகத்தான் இருக்கிறேன். செடிக்குத் தண்ணீர் மாற்றுவதோடு சரி, இலையைத் தொடுவதில்லை. ஆனாலும் முழுதாக மஞ்சளான இலைகள் காலையில் ஜன்னல் கட்டையில் இருக்கும், காம்புகள் ஒரே பக்கமாக, அடுக்கி. முதலில் பயந்தேன். பிறகு, சொன்னால் சிரிப்பீர்கள், அது எனக்குத் துணையாக இருந்தது.

போன மாதம் தாங்காமல் வாய்விட்டே கேட்டேன். "அக்கா, நான் அவசரப்பட்டுட்டேனா?"

மறுநாள் காலை ஒரே ஓர் இலை கிடந்தது. பாதிக்கு மேல் பச்சை. காம்போடு தண்டின் தோலும் உரிந்து வந்திருந்தது; ஈரம்கூடக் காயவில்லை.

வார்டில் பார்த்துக்கொண்ட நர்ஸ்மாருக்கும், வெலிமடையிலிருந்து வந்து சமைத்துப் போட்ட சொந்தங்களுக்கும், பாடை சுமந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். என்னைப் பாராட்டியவர்கள் மட்டும் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா வரமாட்டேன் என்றுதான் கம்பியைப் பிடித்தார்.