பிளம்ஸ் துறந்த கோசலா

பாயாசத்தில் மிதந்த பிளம்ஸைக் கரண்டி நுனியால் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தாள் கோசலா. உலர்ந்த திராட்சைக்கு யாழ்ப்பாணத்தில் பிளம்ஸ் என்று பெயர். இத்தனை காலமும் அவள் ஒதுக்கியதைச் சேர்த்திருந்தால் அஜ்மானிலிருந்து ஷார்ஜாவரை வீதி போட்டிருக்கலாம். எதிரே, பாயாசம் காய்ச்சிக் கொண்டுவந்த மச்சாள் கஜந்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

கோசலா அஜ்மான் தொழிற்பேட்டையில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றின் கணக்காளர். லொறிச் சாரதிகளே அவள் முன் குரலைத் தாழ்த்துவார்கள். அவள் குரல் தாழ்வது வலப்பக்க அடிவயிற்றில் குடியிருக்கும் சிறுநீரகத்திடம் மட்டும். அது தாய்மாமன் மகள் கஜந்தி கொடுத்தது; ஆகவே அதற்கும் மச்சாள் என்றே பெயர். தண்ணீர் குடிக்குமுன் வயிற்றைத் தட்டி, "மச்சாள், தண்ணி வருது, கோவிக்காதையுங்கோ" என்பாள். மருந்து அலாரம் அடித்தால் முதலாளியையே கைகாட்டி நிறுத்திவிட்டு மாத்திரையை விழுங்குவாள்.

சத்திரசிகிச்சை முடிந்ததும் வைத்தியர், "கிரேப்ஃப்ரூட் கூடாது" என்றிருந்தார். கிரேப் என்றால் திராட்சை, ஃப்ரூட் என்றால் பழம். ஆங்கிலப் பரீட்சையில் அதிவிசேட சித்தி பெற்றவளுக்கு இதில் சந்தேகமா வரும்? திராட்சையைத் துறந்தாள், அதன் வற்றலையும் துறந்தாள். அந்தத் தியாகத்துக்கு ஆறுதலாக மாலைதோறும் ஜம்போலா உரித்துச் சாப்பிட்டாள். வலைப்பையில் வருமே, எலுமிச்சை வம்சத்துப் பூதம், அந்தப் பம்ப்ளிமாஸ்.

இந்த ஆண்டு இரத்தப் பரிசோதனை சிறுநீரகம் தளர்வதாகக் காட்டியது. காக்க வேண்டிய மருந்தே இரத்தத்தில் அளவுமீறி ஏறி அதைச் சுட்டிருந்தது. என்ன சாப்பிடுகிறாய் என்று வைத்தியர் கேட்டபோது, ஜம்போலாவைப் பெருமையோடு சொன்னாள். அவர் பேனையைக் கீழே வைத்தார். கிரேப்ஃப்ரூட் திராட்சையே இல்லையாம். ஜம்போலாவின் இரத்த உறவாம். இரண்டும் அந்த மருந்தை இரத்தத்தில் ஏற்றிவிடுமாம். மருந்தைக் குறைத்தும் இழந்ததில் பாதி மீளவில்லை. மிச்சமும் போனால் மறுபடி டயாலிசிஸ்.

வேறொருத்தி இதை மூடி மறைத்திருப்பாள். கோசலா கிளினிக்கில் காத்திருப்பவர்களுக்கெல்லாம் தமிழ், இந்தி, கையசைவு என வாய்த்த மொழியில் சொல்லிவிட்டாள். பழக்கடையில் குவியலருகே நின்று, "பாய், கிட்னி மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ?" என்று அந்நியர்களை மறிக்கிறாள். அஜ்மானுக்கு வந்த ஜம்போலாக்கள் வந்த கப்பலிலேயே திரும்பிவிட்டதாகக் கேள்வி.

கஜந்திக்கு மட்டும் சொல்லவில்லை. பிளம்ஸ் ஆகும் என்று தெரிந்தும் அன்று ஒதுக்கியது அதனால்தான். தின்றால், இன்றைக்கு மட்டும் ஏன் என்று கேட்பாரே.

கரண்டி நின்றது. "மச்சாள், நீங்கள் தந்ததை நான்தான் பழுதாக்கிப்போட்டன்" என்று தொடங்கி முழுவதையும் சொன்னாள்.

கஜந்தி கையை நீட்டிக் கோசலாவின் அடிவயிற்றில் வைத்து, உள்ளே இருப்பவளிடம் சொன்னார்: "நீ கோவிக்காதை பிள்ளை. இவ இங்கிலிஷ் படிச்சவ."

கோசலா தட்டின் ஓரத்துப் பிளம்ஸ் எல்லாவற்றையும் வழித்துப் பாயாசத்தில் திரும்பப் போட்டாள். வயிற்றை ஒருமுறை தட்டிவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.