விசில் எட்டும் தூரம்

என் குட்டியானை லோடு வண்டியில், பின்னால் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே ஒரு பித்தளை விசில் தொங்குகிறது. கயிற்றை மட்டும் மாற்றியிருக்கிறேன். பள்ளிக்கரணைக்குத் தண்ணீர் கேனோ, காட்டாங்குளத்தூர் விடுதிக்குக் கட்டிலோ ஏற்றிப் போகும்போது ரோட்டுப் பள்ளத்தில் வண்டி குலுங்கினால், அது ஆடி முன்கண்ணாடியில் தட்டும். உள்ளே இருக்கும் உருண்டை லேசாகக் கிலுகிலுக்கும். அதைக் கொடுத்தவரை நாங்கள் செயலாளர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

தாம்பரத்தில் ரயில்பாதையை ஒட்டிய சந்தில் ஓர் இளைஞர் முகாம் சங்கம் இருந்தது. விடுமுறையில் பிள்ளைகளை வெளியூர் அழைத்துப்போய்க் கூடாரத்தில் தங்கவைப்பார்கள். அக்கா அதன் செயலாளர். நான் கூடாரம் அடிக்கிறவன். எட்டாவதோடு பள்ளியை விட்டு, லாரி கிளீனராக நாக்பூர் வரை, பந்தல் வேலையில் ஆந்திரா முழுக்கச் சுற்றியவன். எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் இருந்ததில்லை. சங்கத்தின் கூடாரக் கிடங்கிலேயே படுத்துக்கொண்டேன். எலி உண்டு, வாடகை இல்லை.

பல நாட்டுப் பிள்ளைகள் கூடும் முகாம் மாநாட்டை இலங்கை மலைப்பகுதியில் நடத்தலாம் என்று பேச்சு வந்தது. முன்கூட்டியே போய் இடம் பார்த்து வரும் பொறுப்பு அக்காவுக்குக் கிடைத்தது. அந்த இடம் சரிப்படாவிட்டால் மாநாடு ஐரோப்பாவுக்குப் போய்விடும். அவ்வளவு தூரத்துக்கு டிக்கெட் எடுக்க எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் வசதி கிடையாது. "தலைக்கு மேல பிளேன் சத்தம் கேட்டே வளந்த பசங்கப்பா. ஒரு தடவையாவது அதுல ஏறட்டுமே" என்பார். மண்ணில் கூடார முளை நிற்குமா என்று பார்த்துச் சொல்ல என்னையும் சேர்த்துக்கொண்டார். பாஸ்போர்ட்டுக்கு முகவரி கேட்டார்கள். கிடங்கின் முகவரியைக் கொடுக்க அக்காதான் ஏற்பாடு செய்தார். அதுவரை எனக்கென்று ஒரு முகவரி இருந்ததில்லை.

அந்த மைதானம் தேயிலைச் சரிவுக்கு நடுவே மூன்று படிகளாக இறங்கியது. மேல்படியில் கொடிக்கம்பம், கீழ்ப்படியில் பெண்பிள்ளைகளின் கூடாரங்கள் என்று திட்டம். தண்ணீர், கழிப்பறை, ஆஸ்பத்திரி தூரம் எல்லாம் திருப்தி. அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. இடம் பார்க்கப் போனால், முகாம் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதுபோல நடமாடுவார். சமையல் கொட்டகை வரப்போகும் புல்லில் உட்கார்ந்துதான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். கூடாரம் வரப்போகும் இடத்தை நான் மிதித்துவிட்டால், "ஏய், பசங்க தூங்குறாங்க, சுத்திப் போ" என்பார். கடைசியாக விசில். கொடிக்கம்பத்தில் ஊதினால் கடைசிக் கூடாரத்தில் கேட்க வேண்டும். கேட்டவர் கையைத் தூக்க வேண்டும். விசில் எட்டாத இடத்தில் பிள்ளைகளைப் படுக்கவைக்க மாட்டார்.

நான் கீழே நின்றேன். அவர் மேலே ஊதுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. திரும்பத் திரும்ப ஊதிவிட்டு இறங்கி வந்தார்.

"நெசமாவே கேக்கலியா?"

"இல்லக்கா. காத்து அப்டியே தூக்கினு போவுது."

மைதானத்துக் காவலர் சிரித்தார். "போன்ல கூப்பிட்டா முடிஞ்சிச்சி. எதுக்கு இப்படி ஊதி மூச்சு வாங்குறீங்க?"

"இங்க டவர் எங்கண்ணா இருக்கு?" என்று சொல்லிவிட்டு அக்கா புல்லில் உட்கார்ந்தார். கேட்டது என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தால் யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் எழுத மாட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

"நடுப்படில ஒரு ஆளு நின்னு, கேட்டு மறுபடி ஊதுனா?" என்றேன்.

"இந்தக் குளிர்ல யாரு நிப்பா?"

"நான் நிக்கிறேன்க்கா."

"நீயா? ஒரு ஊர்ல ஒழுங்கா நின்னிருக்கியா நீ?"

"இங்க நிப்பேன்."

பையிலிருந்து இன்னொரு விசிலை எடுத்து என் கையில் வைத்தார். "அப்ப முகாம் முடியுற வரைக்கும் நடுவுல நீதான். ஓடிடக் கூடாது."

அவர் மேலே ஊதினார். நான் கேட்டு, கீழே திரும்பி ஊதினேன். கீழ்ப்படியில் காவலர் தன் சிவப்புக் கம்பளியை உயர்த்தி ஆட்டினார். நான் மேலே பார்த்துக் கையைத் தூக்கியதும் அக்கா கொடிக்கம்பம் வரப்போகும் இடத்தைச் சுற்றிச் சின்னப் பிள்ளை மாதிரி ஓடினார். அவர் அப்படி ஓடி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

இடம் முடிவாகி ஊர் திரும்பினோம். சில வாரங்களில் உலகம் முழுக்க நோய் பரவி விமானங்கள் நின்றன. மாநாட்டைத் தள்ளிவைத்தார்கள், பிறகு கைவிட்டார்கள். சங்கம் கிடங்கைக் காலி செய்தது. கூடாரங்கள் எடைக்குப் போயின. அக்கா கனடாவில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டபோது விமான நிலையத்தில் நான்தான் பெட்டியை இறக்கிவைத்தேன். விசிலை அவர் திருப்பிக் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

நடக்காத முகாம்தான். ஆனாலும் அதில் எந்தக் கூடாரம் எங்கே என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சமையல் புகை எந்தப் பக்கம் போகும் என்பதுகூடத் தெரியும். பிள்ளைகள் மட்டும்தான் வரவில்லை.

லாரிக்காரர்கள் கூப்பிட்டும் நான் தாம்பரத்தை விட்டுப் போகவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு அக்கா போன் செய்தார். "இன்னும் தாம்பரத்துலயா இருக்க? நீயா?"

"ஆமாக்கா. வேல கீது."

நம்ப முடியவில்லை என்று சிரித்தார். நிற்கச் சொன்னவர் அவர்தான் என்று நான் சொல்லவில்லை.

போன வாரம் சேலையூரில் ஒரு பள்ளி மைதானத்தை ஒட்டி வண்டியை நிறுத்திக் கேன் இறக்கிவிட்டு, மறுபடி இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். உள்ளே விளையாட்டு வாத்தியார் விசில் ஊதினார். என்னை அறியாமல் முன்கண்ணாடிப் பக்கம் கை போய், கயிற்றோடு விசிலை எடுத்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கீழ்ப்படி எதுவும் இல்லை, சாலைதான் இருந்தது. ஊதவில்லை. கேட்டது என்று கையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே தூக்கினேன்.

பின்னால் வந்த ஆட்டோக்காரர் பிரேக் போட்டார். "இன்னாண்ணா, வண்டிய எடுக்கிறியா?"

"இல்லப்பா, நீ போ. நான் இங்கதான் நிக்கிறேன்" என்றேன்.