ஏலத்தில் போன ஆலயப் படங்கள்

1. எங்கள் ஆலயத்தைக் கட்டிய ஆங்கிலேயக் கட்டடச் சிற்பி சீமையில் காலமானார் என்று செய்தி வந்தது.
2. அவர் கையால் வரைந்த படங்கள் ஆலய அலமாரியில், ஒரு தகரக் குழாயில் இருந்தன. புதிதாகக் கோயில் கட்டவிருந்த சபைகள் அவற்றைக் கேட்டன. நகலெடுக்கும் வேலையைப் போதகர் எனக்குக் கொடுத்தார். நான் கருவிகளால் படம் வரையும் சர்க்கார் பரீட்சையில் தேறியவள்.
3. மதராஸிலிருந்து ஒரு துரை வந்து, அசல் படங்களைச் சீமைக்குக் கொண்டுபோகக் கேட்டார். போதகர் மறுத்துவிட்டார்.
4. விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகையன்று காலையில் குழாய் அலமாரியில் இல்லை.

அது பீடத்தைச் சுற்றிய கிராதித் தடுப்புக்குள், பூசணிக்காய்களுக்கு நடுவே கிடந்தது. பண்டிகையன்று கிராதிக்குள் வைத்தது காணிக்கை. அதைத் திரும்ப எடுக்க எங்கள் சபையில் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆராதனை முடிந்து காணிக்கைகளை விற்கும் ஏலத்தில்தான் அது வெளியே போகும்.

ஆலய வேலைகளைக் கவனிக்கும் உபதேசியாரைக் கேட்டேன்.

"வாழைத்தார் வைக்க இடமில்ல தாயி. அதான் அலமாரியை ஒதுக்கி, அதைப் பைய அங்கன வச்சேன்."

முந்தின நாள் துரையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவரும் இவர்தான். ஏலத்துக்குத் துரை முன்வரிசையில் வந்து நின்றார்.

படங்கள் போனால் வெறும் காகிதமா போகும்? கோடைக்காற்று உள்ளே வரும்படி ஜன்னல் வளைவுகளைக் கட்டடச் சிற்பி பென்சிலால் திருத்திய கோடுகள் அவற்றில்தான் இருந்தன.

துரை விலை கேட்டார். வண்ணார்பேட்டைக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் உடனே ஏற்றிக் கேட்டார்.

"அண்ணாச்சி, உள்ள நெய்யா இருக்கு?" என்று யாரோ சிரித்தார்கள்.

"ஏலே, வெள்ளக்காரன் இந்தப் பாடு படுதான்னா சும்மாவா இருக்கும்? சும்மா கெட லே!"

குழாய் அண்ணாச்சிக்கே போயிற்று. மறுநாள் படங்களை இரவல் கேட்டு அவர் கடைக்குப் போனேன்.

"குடுக்க மாட்டேன். இங்கனயே உக்காந்து வரையுங்க."

"நகல் எடுத்ததும் திருப்பித் தருவேன், அண்ணாச்சி."

"நகலை உள்ள சுருட்டி வச்சிட்டு அசலைக் கொண்டுபோனா எனக்கு என்னம்மா தெரியும்?"

அன்றிலிருந்து கடையின் பின்கட்டில் வரைகிறேன். காகித முனைகள் சுருளாமல் இருக்க அவரே படிக்கற்களைத் தருகிறார். நான் கிளம்பும்போது குழாயைத் தராசில் வைத்து, காலையில் இருந்த எடை இருக்கிறதா என்று பார்க்கிறார். நான் நகல் வரையும் மெல்லிய துணி அசல் காகிதத்தைவிட இலேசானது என்பதை அவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. படங்கள் யாரிடம் இருந்தாலும் நானும் நிறுத்துத்தான் பார்ப்பேன்.

தரைப்படத்தின் நகலும் மேற்கு முகப்பின் நகலும் முடிந்து, கேட்ட சபைகளுக்குப் போய்விட்டன. மணிக்கோபுரம் பாதியில் நிற்கிறது. அசல் அண்ணாச்சியின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. உபதேசியார் சொன்னதை நான் இன்னும் நம்பவில்லை. துரையும் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை.