கேந்திக்கு அறுபத்து மூன்று நாள்

சங்கரபாண்டியன் பஞ்சாங்கத்தில் தை முதல் தேதியின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு பின்னுக்கு எண்ணுகிறார். "நாத்துக்கு இருவத்தஞ்சு. நட்டு மொட்டு வைக்க முப்பது. விரிய ஒரு எட்டு." அறுபத்து மூன்றாவது நாள் ஐப்பசிக் கடைசியில் வந்து நிற்கிறது. அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் காலைக் காப்பி.

பந்தல்குடிக்கு மேற்கே கரிசல் காடு வைத்திருப்பவர். கொத்துமல்லியும் உளுந்தும் விதைப்பார். அறுபது வயசுவரை பூச்செடிப் பக்கம் திரும்பியவர் இல்லை. இப்போது போர்வெல் தொட்டிக்குப் பக்கத்தில் நாலு பாத்தி கேந்தி, அந்த மஞ்சள் செண்டுப்பூ. அருப்புக்கோட்டைப் பூக்கடைக்காரர் விலை கேட்டால், "இது விக்கிற பூ இல்லைங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். மனுஷனுக்கு அப்படி ஒரு வீம்பு.

மகள் பிரவீணா எல்லைப் படையில் இருக்கிறாள், இமயமலைப் பக்கம். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. வீட்டில் அவரும் டிவியும்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் போனில் மகள், "இங்க எங்க பாத்தாலும் வெள்ளைதாம்ப்பா. ஒரு பூவப் பாத்து அஞ்சு மாசமாச்சு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். இவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்த முறை லீவுக்கு வந்தவள், அங்கே வாங்கிய கேந்தி விதைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். "உறைபனி போனப்பறம் சித்திரையிலதான் போடணுமாம். இல்லன்னா பனியில கருகிருமாம்." பனியில் செடி கருகுமா? பந்தல்குடியில் பனி என்றால் விடியற்காலையில் வேட்டியை நனைக்கிற சமாச்சாரம், அவ்வளவுதான். ஆனாலும் படித்த பிள்ளை சொல்கிறதே என்று சித்திரையில் ஊன்றினார். கத்திரி வெயிலில் ஒரு நாற்றுகூட மிஞ்சவில்லை. அடுத்த காட்டு முத்துப்பேச்சி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏண்ணே, வெதைய வறுத்தா போட்டீக?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் பொட்டலத்தில் அச்சடித்திருப்பதை அவர் நம்புவதில்லை. இங்கே செடியைக் கொல்வது வெயில்தான். அடைமழை ஓயும் கார்த்திகைக் கடைசியில் நடவு, மார்கழிக் குளிரில் மொட்டு, தையில் பூ. போன வருஷம் எல்லாம் சொன்ன தேதிக்கு விரிந்தன. பிரவீணாவுக்குத்தான் பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. மாசியில் அவள் வந்தபோது பாத்தியில் காய்ந்த குச்சிகள் நின்றன. "பரவால்லப்பா" என்றாள். அது இன்னும் அவர் நெஞ்சிலேயே கிடக்கிறது.

இந்த வருஷம் மார்கழிக் கடைசி வாரம். மொட்டெல்லாம் மஞ்சள் காட்டிவிட்டன. தொட்டி மேட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அப்பா, லீவு தள்ளிப்போச்சுப்பா. தைக் கடைசியிலதான் விடுவாக."

"சரித்தா."

பிறகு அவள்தான் கேட்டாள்: "பூ விரிஞ்சிருச்சாப்பா?"

சங்கரபாண்டியன் நாலு பாத்தியையும் ஒரு பார்வை பார்த்தார். "இன்னும் மொட்டே வைக்கலத்தா. இந்தத் தடவ மழை பிந்திருச்சுல்ல. நீ மெதுவா வா."

போனைச் சட்டைப் பையில் போட்டார். நுனியைக் கிள்ளிவிட்டால் செடி பக்கத்தில் கிளைக்கும். மூன்று வாரத்தில் மறுபடி மொட்டு வைக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் பாத்தியில் இறங்கி, மஞ்சள் காட்டிய மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளத் தொடங்கினார்.