ஒரு குழந்தையைக் காப்பாற்றிய சீட்

எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. காரில் வீட்டுக்குப் போகிற பச்சைக் குழந்தையை, குழந்தைக்கென்று உள்ள சீட்டில் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாசலைத் தாண்ட விடுவோம். பார்ப்பது என் வேலை. பதினாறு வருஷமாக இதே வேலை என்பதால் வார்டில் எனக்கு பெல்ட் சிஸ்டர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்த வாசலில்தான் அவரைச் சந்தித்தேன். விபத்தில் அடிபட்ட வண்டிகளைக் கொண்டுவந்து பிரித்து விற்கிற யார்டில் அவருக்கு வேலை. கழற்றிய சாமான்களின் எண்ணெயையும் அழுக்கையும் கழுவி, புதுசுபோல ஆக்கித் தருவார். எல்லோரும் அவரை சோப்பு என்றுதான் கூப்பிடுவார்களாம். நம் பேச்சில் சோப்பு போடுவதற்கு, காக்காய் பிடிப்பது என்று வேறொரு அர்த்தமும் இருக்கிறது. அந்த வகை சோப்பை அவர் ஒருநாளும் யாருக்கும் போட்டதில்லை. அதனால்தான் இருபத்திரண்டு வருஷம் அதே தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் குத்துக்காலிட்டே உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு அவருடைய மகள் பிள்ளை பெற்று வீட்டுக்குப் புறப்படுகிற நாள். மருமகன் காரை வாசலில் நிறுத்தியிருந்தான். அவர் பின்கதவைத் திறந்து, மார்போடு அணைத்துக் கொண்டுவந்த சீட்டை உள்ளே வைத்தார். பளபளவென்று இருந்தது. சோப்பு வாசனை என் மூக்குவரைக்கும் வந்தது.

நான் வழக்கம்போல மெத்தையுறையை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தேன். அடியில் இருந்த தெர்மோகோல் ஓரிடத்தில் நசுங்கி வெடித்திருந்தது. முதுகுப் பக்கத்து பிளாஸ்டிக்கில் நகக்கீறல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பெல்ட்டைத் தடவினேன். விறைத்துப்போய், ஓரமெல்லாம் அலை அலையாக இருந்தது.

"அண்ணே, இதை எங்க வாங்குனீங்க?"

"வாங்கல சிஸ்டர். எங்க யார்டுல வந்தது. மூணு நாள் சோப்புத் தண்ணில ஊறவெச்சு நானே தேச்சேன்." குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார். "இது சாதாரண சீட் இல்ல. ஒரு குழந்தையைக் காப்பாத்தின சீட். கார் சப்பையா நசுங்கிப் போச்சு, குழந்தைக்கு ஒரு கீறல் இல்ல. ராசியான சீட்டுன்னு எடுத்து வெச்சேன்."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஆனால் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"காப்பாத்துனதாலதான் அண்ணே இது இனிமே ஆகாது. அந்த மோதல்ல குழந்தைக்கு விழ வேண்டிய அடியை இது வாங்கிக்கிச்சு. பெல்ட் இழுபட்டுப் போச்சு, உள்ள இருக்கறது நசுங்கிப் போச்சு, பிளாஸ்டிக் வளைஞ்சு திரும்பி வந்திருக்கு. இன்னொரு அடியை வாங்க இதுகிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. சோப்புல ஊறவெச்சதுல பெல்ட்டோட பலம் இன்னும் போயிருக்கும். பெல்ட்டை ஈரத்துணியால துடைக்கலாம், அவ்வளவுதான்."

அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"விடுப்பா, வேற வாங்கிக்கலாம்" என்றாள் மகள். அவர் காதில் எதுவும் விழவில்லை. உதடு அசைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தார்.

"ஒன்பது" என்றார்.

"என்ன ஒன்பது?"

"நான் குடுத்தது சிஸ்டர். மூணு வருஷத்துல ஒன்பது பேருக்கு."

காசுக்கு விற்கவில்லை. முதலாளி குப்பையில் போடச் சொன்னதை மனசு வராமல் எடுத்துவைத்துக் கழுவி, சாமான் வாங்க வருகிறவர்களில் கைக்குழந்தைக்காரர்களாகப் பார்த்து சும்மா கொடுத்திருக்கிறார். ஒவ்வொருவரிடமும் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்: ஒரு குழந்தையைக் காப்பாத்தின சீட்.

வார்டில் இரவல் கொடுப்பதற்கென்று இருந்த சீட்டில் அவருடைய பேரன் வீட்டுக்குப் போனான். அவர் போகவில்லை. சாயங்காலம் நான் வேலை முடித்துக் கிளம்பும்போதும் அதே படியில் உட்கார்ந்திருந்தார்.

நாலு நாள் கழித்து மறுபடி வந்தார். முகச்சவரம்கூடச் செய்திருக்கவில்லை. தெரிந்த இரண்டு வீடுகளுக்குப் போயிருக்கிறார். ஒரு வீட்டில் சிரித்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டில், "குடுத்ததைத் திருப்பிக் கேக்க வெக்கமா இல்லையா? இதைவிட நல்ல விலைக்கு ஆள் கிடைச்சுட்டானா?" என்று கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

"நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க சிஸ்டர். நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னீங்கன்னா..."

என் விடுமுறை நாட்களில் அவரோடு போக ஆரம்பித்தேன். அவரைத் திட்டிய வீட்டுக்குத்தான் முதலில் போனோம். அந்த வீட்டு அம்மா ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். இடுப்பில் ஒரு வயசுப் பையன். சீட்டைக் காரிலிருந்து எடுத்துத் தரையில் வைக்கச் சொல்லி, உறையை உருவி, முதுகுப் பக்கத்தில் என் முழங்காலை வைத்து அழுத்தினேன். மளுக்கென்று ஒரு சத்தம். வெள்ளைக் கோடு இருந்த இடம் வாய் பிளந்துகொண்டது. நான் ஒன்றும் பயில்வான் இல்லை.

டீச்சர் பையனை இறுக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். "நேத்துகூட இதுல படுத்துத் தூங்கிட்டே வந்தான்" என்றார். சோப்பு அண்ணன் கத்தியை எடுத்து பெல்ட்டுகளைத் துண்டு துண்டாக அறுத்தார். குப்பையில் போட்டால் தன்னைப்போல இன்னொருவன் எடுத்துக் கழுவிவிடுவானே என்ற பயம் அவருக்கு.

ஒன்றரை மாதத்தில் இப்படி ஆறு சீட் திரும்பக் கிடைத்தது. மீதி மூன்று பேரின் பெயரோ வீடோ அவருக்குத் தெரியாது. அவர்கள் யார்டுக்கு வந்த வண்டிகள் மட்டும் ஞாபகம் இருந்தது. அதில் ஒன்று, பின்பக்கம் ஒடுங்கிய நீலக் கார்.

அவருடைய மனைவி எனக்கு போன் செய்தார். "சோறு தண்ணி இறங்கல சிஸ்டர் அவருக்கு. பேரன் பக்கத்துலயே போக மாட்டேங்கறார். வேலை முடிஞ்சா எங்கயோ போறார், இருட்டினப்புறம்தான் வர்றார். எங்க போறார்னு உங்களுக்குத் தெரியுமா?"

எங்கே போனார் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். பெரிய கடை ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில், ஒவ்வொரு காரின் பின்கண்ணாடியிலும் முகத்தை வைத்து, குழந்தை சீட் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு காரில் குழந்தை உட்கார்ந்திருந்தது. அதன் அப்பா பார்த்துவிட்டார். பிள்ளை பிடிக்கிறவன் என்று ஒரு குரல் எழுந்ததும் கூட்டம் கூடிப் போட்டு மிதித்துவிட்டது.

உதடு கிழிந்து, ஒரு கண் மூடிப்போய் பெஞ்சில் கிடந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் எழுத்தர் பேனாவை மூடிவிட்டு, "இதுக்கு அடி வாங்காம என்ன வாங்குவார்?" என்றார்.

திரும்பி வரும்போது அவர் ரத்தத்தை விழுங்கிக்கொண்டே பேசினார். "அடிபட்டதும் நல்லதுதான் சிஸ்டர். பிடிச்சு இழுத்தவங்கள்ல ஒருத்தர் மெக்கானிக். கடைசியில என் கதையைக் கேட்டுட்டு, அந்த நீலக் காருக்கு நான்தான் பின்பக்கம் மாத்தினேன்னு சொன்னார். வீடு எதுன்னும் சொல்லிட்டார்."

மறுநாள் காலையிலேயே போனோம். அந்த வீட்டு வாசலில் கார் எதுவும் இல்லை.

கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயசுகூட இருக்காது. அவரை அடையாளம் தெரிந்துகொண்டு, "யார்டுக்காரர்தானே? வாங்க" என்றாள். உள்ளே சோபாவில் மூன்று வயசுப் பெண் குழந்தை மல்லாந்து கிடந்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை கெட்டியான பிளாஸ்டிக் கவசம். கண்ணை மட்டும் திருப்பி எங்களைப் பார்த்தாள்.

"அஞ்சு மாசமாச்சு" என்றாள் அம்மா. "முன்னாடி போன லாரி திடீர்னு நின்னுருச்சு. எனக்கும் இவங்க அப்பாவுக்கும் ஒண்ணும் ஆகல. இவ மட்டும் சீட்டை விட்டு முன்னாடி வந்து விழுந்தா." குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள். "நான்தான் அன்னைக்கு பெல்ட்டை ஒழுங்கா இறுக்கல. நசநசன்னு இருக்குன்னு அழுதா. தளர்த்தி விட்டேனா, விடலையா... எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரமாட்டேங்குது. மாமியார் தினம் சொல்லிக் காட்டறாங்க. அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல."

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். வாங்க போகலாம் என்று இழுத்தேன். அந்தச் சீட் அந்த விபத்தோடு ஒழிந்துவிட்டது. இனிச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது? இந்த மனுஷனும் சேர்ந்து அழிவதுதான் மிச்சம். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அவர் என் கையை விடுவித்துக்கொண்டார்.

"நீங்க இறுக்கித்தாம்மா கட்டியிருப்பீங்க" என்றார். "நான் குடுத்த சீட் கெட்டுப்போன சீட். ஏற்கெனவே விபத்துல அடிபட்டது. பெல்ட்டை நான் வேற சோப்புல ஊறவெச்சு நாசம் பண்ணியிருந்தேன். உங்க மேல தப்பில்ல. தப்பு என்மேல."

அவளுக்குப் புரிய நேரமானது. "தெரிஞ்சே குடுத்தீங்களா?"

"அடிபட்ட வண்டியில வந்ததுன்னு தெரியும். அதனால அது ஆகாதுன்னு தெரியாது. கேட்டிருக்கணும். யார்கிட்டயும் கேக்கல."

"சீட்டுதான் காரணம்னு உறுதியா சொல்ல முடியாதும்மா" என்று நான் இடையில் நுழைந்தேன். "நல்ல சீட்டா இருந்தாலும்கூட..."

"நீங்க பேசாதீங்க" என்றாள்.

பிறகு இரண்டு கையாலும் அவர் மார்பில் குத்தினாள். குத்திக்கொண்டே இருந்தாள். அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. சோபாவிலிருந்து குழந்தை பயந்துபோய் "அம்மா" என்றதும்தான் நிறுத்தினாள். எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து வந்த அழுகையைத் தெருமுனை வரைக்கும் கேட்டுக்கொண்டே நடந்தோம்.

அவளுடைய கணவர் புகார் கொடுத்தார். யார்டு முதலாளி, "குப்பையில போடுன்னுதான் நான் சொன்னேன்" என்று கையைக் கழுவிக்கொண்டு அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். விசாரணையில் கேட்ட எல்லாவற்றுக்கும் அவர் ஆமாம் என்றே சொன்னார். வழக்கு இன்னும் நடக்கிறது.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் அந்த அம்மா என் வார்டுக்கு வந்தாள். கவசத்தோடே குழந்தை மெதுவாக நடந்து வந்தாள். கணவர் கையில் புதுச் சீட், பெட்டி பிரிக்காமல். டாக்டர் இந்த வகையைத்தான் வாங்கச் சொன்னாராம். எப்படிப் பொருத்துவது என்று கேட்டாள்.

சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி, காரின் பெல்ட்டை முழு பலத்தோடு இழுத்துப் பூட்டக் காட்டினேன். பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் விரற்கடைக்கு மேல் அசையக் கூடாது. தடித்த சட்டை ஆகாது. குழந்தையைக் கட்டிய பிறகு தோள்மேல் பெல்ட்டை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும். கிள்ள வந்தால் தளர்வு என்று அர்த்தம். அவள் கழற்றினாள், கட்டினாள், கிள்ளினாள். மறுபடி கழற்றினாள். எட்டுத் தடவை. கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போகும்போது கேட்டாள். "அந்த ஆளு என்ன பண்றார்?"

"இன்னும் ரெண்டு சீட் கிடைக்கல. தேடிட்டுத்தான் இருக்கார்."

"அவரை நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன்." கார் கதவைத் திறந்தவள் உள்ளே ஏறாமல் திரும்பினாள். "அந்த ரெண்டும் என்ன கலர்னு சொல்லுங்க."

குழந்தைகளின் அம்மாக்கள் இருக்கிற போன் குழுக்களிலெல்லாம் எழுதிப் போட்டாள். தன் மகளின் படத்தையும் போட்டாள். பன்னிரண்டாம் நாள் எட்டாவது சீட் வந்து சேர்ந்தது. நான் பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ள, சோப்பு அண்ணன் அதை அறுத்தார்.

ஒன்பதாவது வரவே இல்லை. சிவப்பில் சாம்பல் கரை போட்டது. இப்போதும் அவர் கார் நிறுத்துமிடங்களில் நிற்கிறார். கண்ணாடியில் எட்டிப் பார்ப்பதில்லை, வருகிறவர்களிடம் கேட்கிறார். நின்று பதில் சொல்கிறவர்கள் குறைவு.

போன வாரம் அவரிடம் சொன்னேன்: "அண்ணே, போதும். அந்தக் குழந்தைக்கு இப்ப அஞ்சு வயசாவது இருக்கும். வளந்திருக்கும், அந்தச் சீட் பத்தாது. எப்பவோ தூக்கிப் போட்டிருப்பாங்க."

"அதுக்குத் தம்பியோ தங்கச்சியோ பொறந்திருந்தா?" என்றார்.